கன்பார்ம் ஆயிட்டா?

தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லுக்கும் வாழைக்கும் அடுத்தபடியாக நன்றாக விளைகிற பயிர் 'கன்பார்ம்' என்கிற சொல். விதைதான் வெளிநாட்டு ரகம். மண்ணுக்கு அப்படி ஒத்துப்போய்விட்டது. பாபநாசத்தில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றோரமாக எந்த ஊர் டீக்கடையில் போய் உட்கார்ந்தாலும், கைக்கு டம்ளர் வருவதற்குள் ஒரு தடவையாவது காதில் விழும். "மாப்ள வீடு கன்பார்ம் ஆயிட்டா?" "அந்தத் தோப்பு கிரயம் கன்பார்மா வே?" "தண்ணி தொறக்கது கன்பார்ம்னு பேப்பர்ல போட்டுருக்கான்லா."

எங்கள் ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் வாயில் அது 'கம்பாரம்'. "சின்னவளுக்கு நாள் தள்ளிப் போயிருக்காமே, கம்பாரம் ஆயிட்டா?" என்று கேட்பாள். ஒருமுறை இதே கேள்வியை லேடி டாக்டரிடமே கேட்டாள். லண்டனில் படித்து வந்த அந்த அம்மாளும், "கம்பாரம் ஆயிட்டு ஆச்சி" என்றுதான் பதில் சொன்னார். அந்த நேரத்தில் உச்சரிப்பைத் திருத்த யாருக்குத் தோன்றும்?

இங்கிலீஷ் இலக்கணப்படி அது செயப்படுபொருள் கேட்கிற வினை. ஒருவர் இருப்பார், அவர் ஒன்றை உறுதி செய்வார், செய்தபின் அதற்கு அவர்தான் பொறுப்பு. நெல்லைச் சீமைக்கு வந்ததும் நாம் செய்த முதல் காரியம் எழுவாயைக் கழற்றிவிட்டதுதான். இங்கே யாரும் எதையும் கன்பார்ம் பண்ணுவதில்லை. அது தானாக 'ஆகும்'. ஆயிட்டு, ஆகல, ஆயிரும், ஆகுத மாதிரி இருக்கு, ஆயிட்டுன்னுதான் சொல்லுதாவ. இத்தனை வடிவத்திலும் ஆள் யாரென்று தெரியாது. 'பண்ணு' சேர்ந்து வருவதெல்லாம் ஏவலில்தான்: "நீ கொஞ்சம் கன்பார்ம் பண்ணிச் சொல்லுப்பா." அதாவது பண்ண வேண்டியவன் அடுத்தவன். தன்மை ஒருமையில், "நான் கன்பார்ம் பண்ணுதேன்" என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்கிற ஆளை இந்த மாவட்டத்தில் நெடுங்காலமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பொருளிலும் நாம் கொஞ்சம் கைவைத்திருக்கிறோம். கேள்வியாக வந்தால் சந்தேகம். பதிலாக வந்தால் பெரிய சந்தேகம். "நூத்துக்கு நூறு கன்பார்ம் அண்ணாச்சி" என்று ஒருவர் சொன்னால், அந்தச் சேதி அவருக்கு மூன்றாவது வாயிலிருந்து வந்திருக்கிறது என்று அர்த்தம். "நூத்துக்கு இருநூறு" என்றால் அவரே கிளப்பிவிட்டது. வசவுக்கு முன்னால் சேரும்போது மட்டும் அதற்கு உண்மையான உறுதி உண்டு. "அவன் கன்பார்ம் கிறுக்கன்ல" என்று ஒருவனைப் பற்றி ஊர் சொல்லிவிட்டால், அப்பீல் கிடையாது.

இந்தச் சொல் எழுவாயோடு, மரியாதையாகப் புழங்கிய இடம் ஒன்றும் நம் பக்கத்தில் இருக்கிறது. ஆற்றுக்குக் கிழக்கே, பாளையங்கோட்டை. அங்கே இருக்கிற என் கல்லூரி சிநேகிதர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து, "ஞாயித்துக்கெழம நம்ம பொண்ணுக்குக் கன்பர்மேஷன். எல்லாரும் மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துருங்க" என்று அழைத்தார். திண்ணையில் இருந்த என் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "ரொம்ப சந்தோசம்வே. எந்த பேங்குல?"

அந்தப் பெண் அப்போது ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

சி.எஸ்.ஐ. சபையில் அதற்குத் 'திடப்படுத்தல்' என்று பெயர். கத்தோலிக்கர்கள் 'உறுதிப்பூசுதல்' என்பார்கள். குழந்தையில் ஞானஸ்நானம் கொடுத்தபோது பெற்றவர்களும் ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் சொன்ன வாக்குறுதியை, விவரம் தெரிந்த வயதில் பிள்ளையே எழுந்து நின்று "ஆம், இது என் வாக்கு" என்று ஏற்றுக்கொள்கிற சடங்கு. அதற்கு முன் மாதக்கணக்கில் வகுப்பு உண்டு. யோசித்துப் பார்த்தால் நான் தேடிக்கொண்டிருந்த தன்மை ஒருமையை அங்கே பதினாலு வயதுப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சர்வ சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள்.

இதில் ஒரு சரித்திரச் சிக்கலும் இருந்தது. ஆங்கிலிக்கன் வழக்கப்படி ஞானஸ்நானத்தை எந்தக் குருவானவரும் கொடுக்கலாம். திடப்படுத்தலுக்கு மட்டும் அத்தியட்சரே, அதாவது பிஷப்பே வந்து தலையில் கைவைக்க வேண்டும். மிஷனரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820இல். ஊர்க்காரர்கள் ஊசிக்கோபுரம் என்று சொல்கிற தேவாலயம் எழுந்தது 1826இல். கோயில் தயார், சபை தயார், பிஷப்தான் இல்லை. அவர் இருந்தது கல்கத்தாவில். 1835இல்தான் சென்னைக்கென்று ஒரு பிஷப் வந்தார். அவரும் ரயில் இல்லாத காலத்தில் 600 கிலோமீட்டருக்கு மேல் கடந்து நெல்லைக்கு வர வேண்டும். பின்னால் வந்த சென்னை பிஷப் ஸ்பென்சர் 1840-41இல் திருவிதாங்கூரையும் திருநெல்வேலியையும் சுற்றிவந்துவிட்டு அந்தப் பயணத்தைப் புத்தகமாகவே எழுதினார். இங்கே ஒரு சுற்று வந்து போனால் புத்தகம் போடுகிற அளவுக்கு அது பெரிய காரியம். அத்தியட்சர் இனி எப்போது வருவார் என்று காத்திருந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். ரயில்வே வருவதற்கு முன்பே நெல்லைச் சீமையில் வெயிட்டிங் லிஸ்ட் வந்துவிட்டது!

பிறகு 1876இல் மணியாச்சி வழியாகத் திருநெல்வேலிக்கு ரயில் வந்தது. மறுவருஷமே, 1877இல், இடையன்குடியில் இருந்த கால்டுவெல்லும் பாளையங்கோட்டையில் இருந்த சார்ஜெண்டும் சென்னை அத்தியட்சருக்குத் துணை அத்தியட்சர்கள் ஆனார்கள். பிஷப் வரச் சௌகரியமாக வண்டி விட்டார்கள், வண்டி வந்ததும் பிஷப்பே உள்ளூரில் கிடைத்துவிட்டார். திருநெல்வேலிக்குத் தனி அத்தியட்சாதீனம் 1896இல் வந்தது. கால்டுவெல் என்றதும் நமக்கு 1856இல் வந்த ஒப்பிலக்கணம்தான் நினைவுக்கு வரும். திராவிட மொழிகளின் வினைச்சொற்களை அக்கக்காகப் பிரித்துப் போட்ட மனிதர். அவரே தலைதலையாகக் கைவைத்துத் திடப்படுத்தினார் என்றால், அங்கே வினையும் எழுவாயும் ஒரே இடத்தில் நின்றிருக்கின்றன. "கன்பார்ம் ஆயிட்டு" என்று நழுவ அவருக்கு வழியே கிடையாது.

பெரியப்பாவின் "எந்த பேங்குல?"வுக்கும் நியாயம் உண்டு. அவருக்குக் கன்பர்மேஷன் என்றால் வேலைதான். அதற்காக அவர் பட்ட பாடு அப்படி. தமிழ்நாட்டு அரசுப் பணியில் சேர்ந்தவருக்குத் தகுதிகாண் பருவம் என்று ஒன்று உண்டு. பெரும்பாலான பதவிகளுக்குத் தொடர்ந்த மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஆண்டுகள் பணிபுரிந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. பெரியப்பா இரண்டு ஆண்டுகளை ஒழுங்காக முடித்தார். முடித்தார் என்று ஓர் அலுவலகம் ஆணை போட வேண்டும். அந்தக் கோப்பு ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு நகர்ந்தபோதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு நல்ல காரியம் நடந்தது. அவருக்குக் கல்யாணம் ஆயிற்று; பிள்ளைகள் பிறந்தன; மூத்தவளுக்குச் சடங்கு சுற்றியாயிற்று. ஒருவழியாக ஆணை வந்தபோது அதை எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். அதில் அவருடைய தகுதிகாண் பருவம் இன்ன வருஷம் இன்ன தேதி 'பிற்பகல் முதல்' நிறைவுற்றதாக ஆணையிடப்படுகிறது என்று இருந்தது. கணக்கில் பதினேழு வருஷம் போனது பரவாயில்லை. அன்றைக்கு முற்பகலா பிற்பகலா என்பதில் மட்டும் ஒரு பிசகும் வந்துவிடக் கூடாது.

'ஆணையிடப்படுகிறது' என்பதை இன்னொரு தரம் பாருங்கள். யார் ஆணையிடுகிறார்? தெரியாது. 'நிறைவுற்றதாகக் கருதப்படுகிறது' - யார் கருதுகிறார்? தெரியாது. டீக்கடையில் நாம் 'ஆயிட்டு' என்று சொல்வதைத்தான் அலுவலகத்தில் 'படுகிறது' என்று எழுதுகிறார்கள். எழுவாயை ஒளிக்கிற கலையை யார் யாரிடம் கற்றுக்கொண்டார்கள் என்பதை யாராவது ஆராய்ந்தால் டாக்டர் பட்டமே தரலாம்.

இனி ரயில். அதைத் தொடாமல் இந்தச் சொல்லைப் பற்றி எழுத முடியாது. நெல்லை மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவராவது சென்னையில் இருக்கிறார். அவரவர் ஊருக்கு வருவதும் திரும்புவதும் டிக்கெட்டின் மூன்று நிலைகளில் அடங்கியிருக்கிறது: கன்பார்ம், ஆர்.ஏ.சி., வெயிட்டிங் லிஸ்ட். நெல்லைத் தமிழில் இவற்றுக்கு 'கெடச்சுட்டு', 'உக்காந்துட்டுப் போயிரலாம்', 'பாப்போம்' என்று பெயர். இதில் வேதாந்த விஷயம் ஆர்.ஏ.சி.தான். பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கை ஒன்றை இரண்டு பேருக்குக் கொடுத்து, இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, விடிய விடிய ஒருவர் காலை ஒருவர் பார்க்கச் செய்வது. முழு உறுதியும் இல்லை, முழு மறுப்பும் இல்லை. பாதி கன்பார்ம். உலகத்தில் வேறு எந்த மொழிக்காரன் இப்படி ஒரு வினையைப் பாதியில் வெட்டிப் படுக்கவைத்திருப்பான்?

என் அக்காளும் அத்தானும் ஒரே டிக்கெட்டில் சென்னைக்குப் போனார்கள். சார்ட் போட்டதும் பார்த்தால் அக்காளுக்குக் கன்பார்ம், அத்தானுக்கு ஆர்.ஏ.சி. "பாத்தியா மாப்ள, கல்யாணம் ஆன நாள்லேருந்தே இதுதான் நெலம. அவளுக்கு எப்பவும் கன்பார்ம். நான் இன்னும் ஆர்.ஏ.சி.தான்" என்று ஜங்ஷன் பிளாட்பாரத்தில் வைத்து அத்தான் சொன்னார். அக்காள் பதில் பேசவில்லை. காற்றுத் தலையணையை ஊதிக்கொண்டிருந்தாள்.

முன்பு 120 நாளுக்கு முன்னால் டிக்கெட் எடுக்கலாம். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகிவிட்டது. ஆகவே பொங்கலுக்கு முந்தின ஜனவரி 13ஆம் தேதி வண்டிக்கு நவம்பர் 14 காலை 8 மணிக்குக் கதவு திறக்கும். திறந்த கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதைச் சென்னையில் இருக்கிற எந்த நெல்லைக்காரரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். காபி ஆறுவதற்குள் வெயிட்டிங் லிஸ்ட் தொடங்கிவிடும். அதன்பிறகு நடப்பது தினசரி பாராயணம். காலையில் எழுந்ததும் பல் விளக்குகிறோமோ இல்லையோ, பத்து இலக்க பி.என்.ஆர். எண்ணைப் போட்டுப் பார்க்கிறோம். 139க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புகிற பழைய ஆட்கள் இன்னும் உண்டு. புதிய ஆட்களுக்கு ஆப் இருக்கிறது. அது "உங்கள் டிக்கெட் கன்பார்ம் ஆக 62 சதவீதம் வாய்ப்பு" என்று சொல்லும். எங்கள் ஊர் ஜோசியர்கூட இவ்வளவு துணிச்சலாக எண் சொன்னதில்லை. அவர் "குரு பார்வை இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்வார். சார்ட் போடுவது முன்பெல்லாம் வண்டி கிளம்ப நாலு மணி நேரம் இருக்கும்போது. 2025 ஜூலையில் அதை எட்டு மணி நேரம் ஆக்கினார்கள். நல்ல காரியம். ஏமாற்றத்தை ஏற்றுக்கொள்ளக் கூடுதலாக நாலு மணி நேரம் கிடைத்தது.

தெருவுக்கு ஒருவர் இருப்பார், "கோட்டால போட்டுருவோம், நம்ம ஆளு இருக்காரு" என்று சொல்ல. அந்த 'நம்ம ஆளு'வை யாரும் பார்த்ததில்லை. டிக்கெட் கன்பார்ம் ஆனால் அவரால் ஆயிற்று. ஆகாவிட்டால் தானாக ஆகவில்லை.

கன்பார்ம் ஆன டிக்கெட்டும் ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்கு உறுதி இல்லை என்பதை 2023 டிசம்பரில் பார்த்தோம். 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றுவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் மண்ணை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. ஏறத்தாழ 800 பயணிகள் சுற்றிலும் தண்ணீருக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். கன்பார்ம், ஆர்.ஏ.சி., வெயிட்டிங் லிஸ்ட் எல்லாம் அன்று ஒரே வரிசையில் உட்கார்ந்தன. பக்கத்துப் புதுக்குடிக் கிராமத்துக்காரர்கள் சோறு பொங்கிக் கொண்டுவந்து போட்டார்கள். அவர்கள் வீடுகளிலும் நிலைமை நன்றாக இருந்திருக்காது. யார் யாருக்குச் சோறு என்று அவர்கள் பெயர்ப்பட்டியல் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

அதே வெள்ளத்தில் எங்கள் தெருவில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, "அணை உடைஞ்சிட்டு, கன்பார்ம்!" என்று கத்திக்கொண்டே ஓடினார். எந்த அணை? பாபநாசமா, சேர்வலாறா, மணிமுத்தாறா? அதைக் கேட்க ஆள் இல்லை. தெருவே மாடிக்கு ஏறிவிட்டது. மாடிக்கு வந்த பிறகுதான் எதிர்வீட்டு மதினி நிதானமாக அவரிடம் கேட்டாள்: "ஒங்களுக்கு யாரு சொன்னா?" அவர் பக்கத்துத் தெருவைக் கை காட்டினார். பக்கத்துத் தெருக்காரர்கள் ஏற்கெனவே அவர்கள் மாடியில் நின்றுகொண்டு எங்கள் தெருவைக் கை காட்டிக்கொண்டிருந்தார்கள். எந்த அணையும் உடையவில்லை. இரண்டு தெருவும் ஒன்றையொன்று கன்பார்ம் பண்ணியிருந்தன.

அணை என்றதும் நம் விவசாயிகள் நினைவுக்கு வருகிறார்கள். இந்தச் சொல்லிடம் ஏமாறாதவர்கள் அவர்கள்தான். மழைக்காலத்தில் நெல்லைப் பதிப்புப் பேப்பரைப் பிரித்தால் முதலில் பார்ப்பது அணை நிலவரம்: பாபநாசம் மொத்தம் 143 அடி, இன்றைக்கு எவ்வளவு, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. எங்கள் பக்கம் பிள்ளைகளின் மார்க்கை மறந்தவர்கள் உண்டு. பாபநாசம் எத்தனை அடி என்பதை மறந்தவர்கள் கிடையாது. கார் சாகுபடிக்கும் பிசானத்துக்கும் தண்ணீர் திறக்கிறபோது மலர் தூவுகிற படம் முதல் பக்கத்தில் வரும். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் கன்னடியன் கால்வாயில் வயல் வைத்திருக்கிற ஒருவரிடம் அந்தப் படத்தைக் காட்டி, "கன்பார்ம் ஆயிட்டு போலுக்கே" என்றேன். அவர் படத்தைப் பார்க்கவேயில்லை. குனிந்து வரப்பிலிருந்த நண்டு வளையை மண் வைத்து அடைத்துக்கொண்டே சொன்னார்: "பூவு வாய்க்கால்ல இங்கன மெதந்து வரட்டும் வே. நாத்துப் பாவிருவோம்."

எல்லாவற்றையும்விட இந்தச் சொல் ஒரு மனிதனைப் படுத்துகிற இடம் கல்யாண வீடு. பெண்ணைப் பெற்றவனுக்கு மாப்பிள்ளையை நிச்சயம் பண்ணுவதுகூடச் சுலபம். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டால் முடிந்தது. எத்தனை இலை விழும் என்பதை நிச்சயம் பண்ண எந்தத் தாம்பூலமும் கிடையாது. பத்திரிகை வைக்கப் போகிற வீட்டில் மூன்று விதமான பதில் வரும். "கன்பார்மா வந்துருவோம்." "பாக்கோம்." "அதெல்லாம் சொல்லணுமா, எங்க வீட்டுக் கல்யாணம்லா!" மூன்றில் எது வருகிறவன் பதில், எது வராதவன் பதில் என்று சொல்ல அனுபவம் போதாது, ஞானம் வேண்டும். அந்த ஞானம் எங்கள் ஊரில் தவசிப்பிள்ளைமாருக்கு உண்டு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: கல்யாணச் சமையல் பண்ணுகிறவரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்.

என் தங்கை மகள் கல்யாணத்துக்கு வந்த தவசிப்பிள்ளை அண்ணாச்சிக்கு எழுபது வயது இருக்கும். கதர் பனியன், காதில் ஒரு பென்சில், கையில் சிகரெட் அட்டையைக் கிழித்துச் செய்த குறிப்புச்சீட்டு. நடுக்கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எத்தனை எலை?"

"அறுநூறு பேரு கன்பார்ம் அண்ணாச்சி. வீடு வீடாப் போயிக் கேட்டாச்சு" என்றார் தங்கை வீட்டுக்காரர், பெருமையாக நோட்டை நீட்டி.

அண்ணாச்சி நோட்டைத் தொடவில்லை. மண்டபம் எங்கே என்று கேட்டார். வண்ணார்பேட்டை. முகூர்த்தம் எத்தனை மணி? ஆறிலிருந்து ஏழரை. அன்றைக்கு டவுனிலும் பாளையிலும் வேறு எத்தனை கல்யாணம்? மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வேனில் வருகிறார்களா, பஸ்ஸிலா? கல்யாணம் ஞாயிறா, வேலை நாளா? மறுவீட்டுக்குச் சொதி உண்டா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டபோது மட்டும் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

சொதி தெரியாதவர்களுக்கு அதை எழுத்தில் விளக்குவது பாவம். ஆனாலும் கணக்குப் புரிய வேண்டும். தேங்காயைத் துருவி முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று பிழிந்து, பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் மற்ற காய்களும் கடைசிப் பாலில் வெந்து, இஞ்சிச் சாறும் பச்சை மிளகாயும் இறங்கி, முதல் பால் ஊற்றியதும் கொதிக்கவிடாமல் இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிகிற சமாசாரம். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். பிள்ளைமார் வீட்டில் மறுவீட்டுச் சாப்பாடு என்றால் இதுதான். தாலி கட்டும்போது வர முடியாமல் போனவர்கள் மறுநாள் சொதிக்கு எப்படியோ லீவு எடுத்துவிடுவார்கள். சொதியைச் சாம்பார் மாதிரித் தண்ணீர் விட்டுப் பெருக்க முடியாது. ஆள் கூடினால் தேங்காய் கூட வேண்டும். தேங்காய் மிஞ்சினால் பணம் மிஞ்சாது.

அண்ணாச்சி சீட்டில் கூட்டிக் கழித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார். "நோட்டுல கன்பார்ம்னு போட்டுருக்கியள்லா, அதுல நாலுல ஒண்ணக் கழிச்சிருங்க. 'பாக்கோம்'னு சொன்னவங்கள்ல பாதி போட்டுக்கிடுங்க. சொல்ல விட்டுப்போனவங்க இருப்பாங்க பாருங்க, அவங்கள முழுசாப் போடுங்க. கோவத்தோட வருவாங்க, வயிறாரச் சாப்புடுவாங்க."

"அப்ப எத்தனைன்னு வச்சுக்கிட?"

"கல்யாணத்துக்கு ஐநூத்தி இருவது எலை. சொதிக்கு முன்னூறு. நான் சொல்லுதேன். கொறஞ்சா கூடுனா என் சம்பளத்துல புடிச்சுக்கிடுங்க."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் 'கன்பார்ம்' என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லையே அவர் வாயில் கேட்கவில்லை. "நான் சொல்லுதேன்" என்றார். எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, தப்பினால் சம்பளத்தில் பிடித்தமும் இருக்கிறது. மறுவீடு முடிந்து பந்தி எடுத்தபோது இலைக்கட்டில் நாலோ ஐந்தோ மிச்சம் கிடந்தன. அதற்கும் அண்ணாச்சி காரணம் வைத்திருந்தார்: மாப்பிள்ளையின் தாய்மாமன் குடும்பம் சண்டை போட்டுக்கொண்டு பாதியில் கிளம்பிவிட்டதாம். அதை அவர் சமையல்கட்டிலிருந்தபடியே கணித்திருக்க முடியாது; மன்னிக்கலாம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு முடிவு உண்டு. ஒருவர் 'கன்பார்ம்' என்று சொன்னால் கேட்டுக்கொள்வேன். 'நான்' என்று தொடங்கினால் நம்புவேன். இதை வீட்டிலும் சொல்லிப் பார்த்தேன். "நாளைக்கு எலக்ட்ரீசியன் வாரது கன்பார்மா?" என்று மனைவி கேட்டபோது, "யாரு சொன்னது, அவரா, அவரு தம்பியா?" என்று திருப்பிக் கேட்டேன். "ஒங்களக் கேட்டது என் தப்பு" என்றாள். அதுவும் தன்மை ஒருமைதான், அதையும் நம்பினேன். எலக்ட்ரீசியன் வரவில்லை.

இவ்வளவும் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. வருகிற தையில் எங்கள் வீட்டில் இன்னொரு கல்யாணம். அதே தவசிப்பிள்ளை அண்ணாச்சி, அதே சொதி. பத்திரிகை உங்களுக்கும் வரும். சென்னையிலிருந்து வருகிறவர்கள் அறுபது நாள் கணக்கை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். வர முடியும் என்றால் "நான் வாரேன்" என்று சொல்லுங்கள். முடியாது என்றால் "நான் வரல" என்றே சொல்லிவிடுங்கள். மனத்தாங்கல் கிடையாது, தாலி கட்டுகிற நேரத்தை வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம். தயவுசெய்து "கன்பார்ம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். இன்றைக்குத் தேங்காய் விற்கிற விலை அப்படி.